மடி துடைத்த துணி

அத்தியாயம் ஒன்பது

"இந்தா, எடுத்துட்டுப் போ. என் கையில என்ன பேய் இருக்குன்னு பாத்துச் சொல்லு!"

பெரியவள் இப்படிச் சீறிவிட்டு, அந்த வட்டத் தட்டில் தன் வலது கையை அழுத்தியது வெள்ளிக்கிழமை காலை. தட்டை நீட்டியவள் சின்னவள். இன்று ஞாயிறு. இடையில் இரண்டு நாளாக அந்த வீட்டில் ஓரகத்திகள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திக்கிறீர்கள் என்றால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாடு, இரண்டு மருமகள், ஒரு மாமனார். மகன்கள் இருவரும் லாரி ஓட்டுகிறார்கள். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பது அவர்களுடைய பழைய செருப்பு மட்டும்தான். பதினோரு வருடமாக ஐந்து மாட்டையும் கறப்பவள் பெரியவள். சின்னவள் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. மாமனார் பாலைக் கொள்முதல் மையத்துக்குக் கொண்டு போகிறவர். வாய் ஓயாமல் பேசுவதால் தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

இந்த வீட்டுப் பாலில் கிருமி அதிகம் என்று மையம் இரண்டு தடவை திருப்பிவிட்டது. மூன்றாவது சோதனை இன்று சாயங்காலம். அதிலும் திரும்பினால் பட்டியலில் இந்த வீட்டின் எண் இருக்காது. "அப்படி ஆச்சுன்னா மறுநாளே மாட்டையெல்லாம் மிஷின்காரன்கிட்ட விட்டுடுவேன். அவனே வந்து கறந்து, அவனே வேற இடத்துல ஊத்திக்கட்டும்" என்று ரேடியோ சொல்லி வைத்திருந்தார். பெரியவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. தனக்கென்று அவளுக்கு இருப்பது அந்தக் கொட்டகை ஒன்றுதான். அங்கிருந்து அவளை எழுப்பி விட்டால் அவள் அந்த வீட்டில் யார்?

இந்த நிலையில்தான் சின்னவள் சாப்பிடும்போது, மாமனார் எதிரிலேயே, "கையிலேர்ந்துகூடக் கிருமி போகலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கறந்த பால் மடிக்குத் திரும்புமா?

காலை ஒன்பது மணிக்குச் சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். பெரியவள் முற்றத்துக் குழாயடியில் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கொட்டகையின் முதல் இடத்தில் நின்ற மாட்டிடம் பேசினாள். நடை, பார்வை எல்லாமே தோரணையாக இருக்கும் அந்த மாட்டுக்குப் பெரிய மனுஷி என்று பெயர்.

"பெரிய மனுஷி, படிச்சவங்க வந்துட்டாங்க பாரு. பேயைப் புடிச்சாச்சான்னு கேளு."

சின்னவளும் மாட்டிடமே பதில் சொன்னாள். "பெரிய மனுஷி, உங்க அம்மாவைக் கையைத் துடைச்சுட்டு உள்ள வரச் சொல்லு. தாத்தாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

பெரிய மனுஷி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டது.

சமையலறை மேசையில் நான்கு தட்டுகள். மூடி போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. உள்ளே மங்கலான கண்ணாடி போல ஒரு படலம்.

"திறக்கக் கூடாது. மேலேர்ந்து பாத்தா போதும்" என்றாள் சின்னவள். "இதுல கிருமிக்குச் சாப்பாடு இருக்கு. ஒத்தைக் கிருமி விழுந்தாலும் தின்னு பெருகி, கண்ணுக்குத் தெரியற புள்ளியா ஆயிடும். ஒரு புள்ளின்னா அதுல கோடிக்கணக்குல இருக்கும்."

"ரெண்டு நாள்லயா?" என்றார் ரேடியோ.

"ரெண்டே நாள்ல, மாமா."

முதல் தட்டை முன்னால் தள்ளினாள். ஒரு உள்ளங்கையின் அடையாளம்கூடத் தெரியவில்லை. ஓரமாக நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். இரண்டாவது தட்டில் ஐந்து விரலும் அச்சு எடுத்ததுபோலப் புள்ளிப் புள்ளியாகப் பூத்திருந்தன. கட்டைவிரல் இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு வேறு.

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாவது தட்டைப் பார்த்தபடியே, "இதான் என் கையா?" என்றாள்.

"இல்லக்கா. அது என் கை." சின்னவளுக்குக் காது வரை சிவந்தது. "உங்க கை முதல் தட்டு. நீங்க வச்சுட்டுப் போனப்புறம் நானும் ஒரு தட்டுல வச்சேன். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. செல்போனை நோண்டின கை. கழுவுனேன்னுதான் நினைச்சேன்."

ரேடியோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆஸ்பத்திரிக்காரி கையைவிட மாட்டுக்காரி கை சுத்தம்! இதைத் தெரு முழுக்கச் சொல்லிட்டு வரேன்."

"இருங்க மாமா. மூணாவது தட்டு உங்களோடது."

"நான் கையே வைக்கலையேம்மா?"

"கேன் மூடியோட உள்பக்கம். சைக்கிள்ல போறப்ப பால் தளும்பக் கூடாதுன்னு பழைய டியூப்பை வெட்டி மூடிக்கு வளையம் போட்டிருக்கீங்களே, அந்த ரப்பர்."

மூன்றாவது தட்டில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு வட்டமே போட்டிருந்தன. அந்த ரப்பர் வளையம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதைப் பற்றி அவர் பெருமையடிக்காத நாள் கிடையாது. ரேடியோ அணைந்துவிட்டது.

நான்காவது தட்டைச் சின்னவள் உடனே காட்டவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, கோவப்படாதீங்க" என்றாள்.

"எடு கையை."

அதில் புள்ளிகளே இல்லை. தட்டு முழுவதும் நிறைந்து போயிருந்தது. தங்க நிறத்தில், வெண்ணெய் நிறத்தில், இடையிடையே சாம்பலாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு இடம் பாக்கியில்லை. அருவருப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பெரியவள் குனிந்தவள் நிமிரவில்லை. இது எதுவுமே கண்ணுக்குத் தெரியாமல் இத்தனை நாளாகத் தன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்ற நினைப்பில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நாம தூங்கற நேரத்துல இதுங்க பாட்டுக்குக் குடும்பம் நடத்தியிருக்குங்க" என்றாள் மெதுவாக. "எது இது?"

"மடி துடைக்கிற துணி."

"அது தினமும் தோய்க்கிற துணியாச்சே!"

"தோய்க்கிறீங்க. ஆனா கொட்டகை மூலையில காயுது. வெயிலே படாது. நடுவுல ஈரம் அப்படியே நிக்குது. ஒரே துணி, ஒரே வாளி வெந்நீர், அஞ்சு மாடு. ஒண்ணைத் துடைச்சு, அலசி, அடுத்ததைத் துடைக்கிறீங்க."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முரட்டுத் துணின்னா மடியில உறுத்தும்னு, நல்ல நூல் புடவையா பாத்துக் கிழிச்சு வச்சேன். குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைப்பேன்."

"தெரியும்க்கா. நான் பாத்திருக்கேன்."

சின்னவள் ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் நின்றிருந்தாள். ஆனால் பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சாயங்காலம் கறக்க இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கு?"

"அஞ்சரை மணி நேரம்."

"பெரிய அண்டாவை அடுப்புல ஏத்து" என்றாள். இரண்டு நாளில் அவள் சின்னவளிடம் சொன்ன முதல் வேலை அதுதான்.

அதற்கப்புறம் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பீரோவிலிருந்து இரண்டு பழைய புடவைகள் வெளியே வந்தன. பெரியவள் கிழித்தாள், சின்னவள் கத்தரித்தாள். மாட்டுக்கு இரண்டு வீதம் பத்துத் துணி. எல்லாம் அண்டாவில் கொதித்து, மொட்டை மாடி வெயிலில் மொறமொறவென்று காய்ந்தன. கேனையும் மூடியையும் வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். ரேடியோ தன் ரப்பர் வளையத்தைக் கழற்றி, கடைசியாக ஒரு தரம் தடவிப் பார்த்து, குப்பைக் கூடையில் போட்டார். கூடவே ஒரு பெருமூச்சையும் விட்டார்.

மதியம் இரண்டரைக்கு எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். மாட்டு டாக்டர் போன வாரம் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைத் தட்டு சின்னவள் கையில் இருந்தது. நான்கு குழி உள்ள தட்டு. ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் பீய்ச்சி, ஊதா மருந்தை ஊற்றி, வட்டமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பால் பாலாகவே ஓடினால் நல்லது.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"எப்பவும் பெரிய மனுஷிதான் முதல்" என்றாள் பெரியவள். அவள் இந்த வீட்டுக்கு வந்த வருடம் வாங்கிய மாடு அது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அதனால் தீவனம், தண்ணீர், கறவை எல்லாவற்றிலும் அதற்குத்தான் முதலிடம். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த வரிசை மாறியதில்லை.

பெரியவள் குந்தி உட்கார்ந்து மாட்டின் விலாவில் நெற்றியை வைத்தாள். மாடு பெருமூச்சு விட்டுக் காலை அகட்டிக் கொடுத்தது. விரல்கள் காம்பைத் தொட்டதும் பால் தானாக இறங்கி வந்தது. நான்கு காம்பு, நான்கு பீய்ச்சு, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. சின்னவளுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஊசி போட நரம்பு தேடும் எத்தனையோ கைகளை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். இப்படித் தொட்ட மாத்திரத்தில் ஒரு உயிரை நம்பவைக்கும் கையை அவள் பார்த்ததில்லை. இந்தக் கையையா சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது.

நான்கு குழியிலும் ஒரே வெள்ளை. ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது.

மருந்தை ஊற்றி ஆட்டினாள். முதல் குழி ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவதும் ஓடியது. நான்காவது, இடது பின்காம்புப் பால், இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் தயங்கியது. அப்புறம் அவர்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாகத் திரண்டு, நடுவில் கூம்பி நின்றது.

"ஐயோ!" என்றார் ரேடியோ. வெளுத்ததெல்லாம் பால் என்று முப்பது வருடம் கேனில் ஊற்றியவர் அவர்.

"மடி நோய். உள்ளுக்குள்ளயே இருக்கு. வீக்கம் இல்ல, வலி இல்ல. வெளில காட்டிக்கவே காட்டிக்காது" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு விளங்கவில்லை. "மத்த மூணும் தண்ணியா ஓடுதே? ஒரே மடிதானே?"

"வெளில பாத்தா ஒரே மடி. உள்ள நாலும் தனித்தனி வீடுக்கா. நடுவுல சுவர் இருக்கு, கதவு கிடையாது. ஒரு வீட்டுப் பால் இன்னொரு வீட்டுக்குப் போகவே போகாது."

பெரியவள் மடியின் கீழே உள்ளங்கையை ஏந்தினாள். பதினோரு வருடம், நாளுக்கு இரண்டு வேளை, இந்த மடியைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே நான்கு வீடு இருப்பது தெரியாமலே போய்விட்டது. மாட்டைப் படைத்தவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரமிப்பு வந்தது.

"அப்ப சுவர் இருந்தும் நோய் எப்படிப் போகும்?"

"உள்ள வழி இல்ல. வெளில..." என்று இழுத்தாள் சின்னவள்.

பெரியவள் காத்திருக்கவில்லை. "அடுத்ததைப் பாரு" என்றாள்.

அடுத்து நின்றது சுட்டி. இரண்டு குழியில் பால் சளிபோல இழுத்தது, கூழாகவில்லை. மூன்றாவது மாட்டில் ஒரு குழி லேசாகத் தயங்கி, பிறகு ஓடிவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் சுத்தம்.

விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துணி நடந்து போன வழி அப்படியே தெரிந்தது. நோய் இருந்த மாட்டை மரியாதைக்காக முதலில் துடைத்து, அந்தத் துணியாலேயே மற்ற எல்லாவற்றையும் துடைத்திருக்கிறாள். வரிசையில் கடைசியில் நின்ற இரண்டும் பிழைத்துக்கொண்டன.

"நான்தான்" என்றாள் பெரியவள். "என் பாசம்தான் இதுங்களுக்கு நோயைக் கொடுத்திருக்கு."

"உங்க கை சுத்தம்க்கா. துணிதான்..."

"துணியைப் புடிச்ச கை யாரோடது?" கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, பெரிய மனுஷியின் கயிற்றை அவிழ்த்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் மாமனார்.

"கடைசில கட்டப் போறேன். இனிமே சுத்தமான மாடு முதல்ல. இது கடைசி."

பெரிய மனுஷி அந்த அவமானத்தைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. நான்கு காலையும் ஊன்றி நின்றது. ரேடியோ பின்னாலிருந்து தள்ள, சின்னவள் தீவனக் கூடையைக் காட்ட, ஒரு வழியாகக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல் போட்டது. "கோச்சுக்காதடி கண்ணு" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெரியவளும் அழுதாள்.

பிறகு கறந்தாள். முதல் பீய்ச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, பால் திரிந்து கட்டியாக வருகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. துடைத்த துணி திரும்ப வாளிக்குப் போகவில்லை. கறந்து முடித்ததும் காம்பு நுனியை மருந்தில் முக்கி எடுத்தாள். சுட்டியின் இரண்டு காம்புப் பாலும், பெரிய மனுஷியின் அந்த ஒரு காம்புப் பாலும் வேறு பாத்திரத்தில் விழுந்து, கொல்லைக் குழிக்குப் போயின. கேனில் எப்போதும் இருப்பதைவிட நான்கு விரற்கடை குறைவு.

"நானும் மையத்துக்கு வரேன்" என்றாள் பெரியவள்.

இத்தனை வருடத்தில் அவள் அங்கே போனதே இல்லை. பால் வாசலைத் தாண்டினால் அது மாமனார் வேலை. இன்று அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க, இரண்டு மருமகள்களும் கேனுக்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள். டியூப் வளையம் இல்லாத மூடியிலிருந்து வழியில் ஒரு சொட்டும் தளும்பவில்லை. அதை யாரும் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை.

மையத்துக்குள் நுழைந்ததும் பெரியவள் நின்றுவிட்டாள். அறை உயரத்துக்கு ஒரு எஃகுத் தொட்டி, உறுமிக்கொண்டிருந்தது. தொட்டால் கை சில்லிட்டது.

"நாம ஊத்தறது இதுலயா போகுது?"

"எண்பது வீட்டுப் பாலும் இதுலதான்" என்றாள் சோதனை செய்யும் அம்மா. வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. "அதனாலதான் இவ்வளவு கெடுபிடி. ஒரு கேன் கெட்டிருந்தா எண்பதும் போச்சு."

எண்பது வீடு, அந்த எண்பது வீட்டுப் பாலைக் குடிக்கும் எத்தனை ஆயிரம் வாய்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, தன் கை கறந்ததைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு முதல் தடவையாக உறைத்தது. உடம்பு சிலிர்த்தது. கூடவே பயமும் வந்தது.

அந்த அம்மா சோதனைக் குழாயில் பாலை எடுத்து, நீல மருந்தைச் சொட்டாக விட்டு, அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பெட்டிக்குள் நிறுத்தினாள். பால் வெளிர்நீலமானது. குழாயில் எண் பதினாறு.

"கிருமி இருந்தா நீலத்தைத் தின்னுடும். பால் மறுபடி வெள்ளையாயிடும். மூணு மணி நேரம் நீலம் நின்னா பாஸ். போன ரெண்டு தடவையும் உங்களோடது முக்கால் மணிகூடத் தாங்கல."

ஆக, மூன்றே முக்காலுக்குத் தொடங்கிய காத்திருப்பு. அந்தப் பெட்டியில் இருபது குழாய், இருபது நீலம். பெரியவள் பெஞ்சில் உட்காராமல் பெட்டியின் முன்னாலேயே நின்றாள். முக்கால் மணி ஆனது. பதினாறு நீலமாகவே இருந்தது. ஒன்றரை மணி ஆனது. ரேடியோ மூன்று தடவை வெளியே போய் வந்தார். சின்னவள் நகத்தைக் கடித்துவிட்டு, அந்த இரண்டாவது தட்டு நினைவுக்கு வந்து விரலை எடுத்தாள்.

இரண்டரை மணி தாண்டியபோது பக்கத்துக் குழாய் வெளுக்க ஆரம்பித்தது. பெரியவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அடியிலிருந்து நீலம் விலகி விலகி மேலே போனது. கடைசியில் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய நீல வளையம் மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே எல்லாம் பழையபடி பால். கண்ணுக்குத் தெரியாத வாய்கள் அவள் கண்ணெதிரிலேயே ஒரு நிறத்தைக் குடித்து முடித்திருந்தன.

"பாவம், யாரு வீட்டுதோ" என்றாள். "இன்னிக்கு அந்த வீட்ல யாரு அழப் போறாங்களோ."

மணி ஆறே முக்கால். அந்த அம்மா குனிந்து, பதினாறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விட்டபோது இருந்த அதே நீலம்.

"பாஸ்" என்றாள். "யாரும்மா இதைக் கறந்தது?"

"எங்க பெரிய மருமக" என்றார் ரேடியோ. செல்போனை எடுத்து அங்கேயே மிஷின்காரரைக் கூப்பிட்டார். "நாளைக்கு வர வேணாம்ப்பா. நாளைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே வேணாம்" என்று ஆரம்பித்தவர், கேட்காத கதையெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஒலிபரப்பினார். பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டே, "பதினேழு போச்சு" என்றாள். "அவங்களுக்கு இது முதல் தடவை. ஆள் விட்டுச் சொல்லணும்."

போனை வைத்த ரேடியோ திரும்பினார். "பதினேழா? நமக்கு அடுத்த நம்பர்..." பெரியவளைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "அது உன் தங்கச்சி வீட்டுக் கேன்மா."

இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்த தங்கை. மூன்று மாடு வைத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலுக்கு மேல் விரல் வைத்துக் கறக்கக் கற்றுக் கொடுத்தவள் பெரியவள்தான். துணி, வாளி, துடைக்கும் விதம், வயதான மாட்டுக்கு முதலிடம் என்று எல்லாமே.

வெளுத்துப்போன அந்தக் குழாயைப் பெரியவள் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"மாமா, நீங்க கேனை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. நீ என்கூட வா."

"எங்கக்கா?"

"அவ வீட்டுக்கு. அவளும் என்னை மாதிரியேதான், சுள்ளுனு கோவம் வரும்."

வாசல் தாண்டிப் பத்தடி நடந்த பிறகு கேட்டாள். "அன்னிக்கு என் கையைப் பத்திச் சொன்னியே, சொல்லும்போது உனக்கு எப்படி இருந்துச்சு?"

"எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சுக்கா."

"எனக்கும் இப்பத் திரும்பி ஓடிடலாம்னுதான் இருக்கு" என்றாள் பெரியவள், நடையை நிறுத்தாமல்.

தங்கை வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கொட்டகைப் பக்கமாக, ஈரத் துணியை உதறிப் போடும் சத்தம் கேட்டது.